வீட்டில் விளைந்த வானொலி

கல்வி இருவழியாக மாந்தரை வந்தடைகிறது. நூலைக் கற்றும் ஆசிரியர் உரைப்பக் கேட்டும் பெறுவது ஒரு வழி. பொருளைக் கையில் எடுத்துப் பிரித்தும் பொருத்தியும் அதன் இயல்பை உணர்வது மற்றொரு வழி. முதல் வழியிற் பெற்ற அறிவு முன்னோர் வைத்துச் சென்ற செல்வத்தை ஒக்கும். இரண்டாம் வழியிற் பெற்ற அறிவு தானே உழுது விளைத்த நெல்லை ஒக்கும். இரண்டும் பசியைத் தீர்க்கும். ஆயினும், மண்ணின் இயல்பை உழுதவனே நன்கு அறிவான்.

மின்சாரமோ கண்ணுக்குப் புலப்படாத பொருள். கம்பியில் அது செல்வதை ஒருவரும் கண்டிலர். விளக்கு எரிவதும், விசிறி சுழல்வதும், பெட்டி பேசுவதும் ஆகிய அதன் செயல்களையே உலகம் காண்கிறது. இத்தகைய மறைபொருளை அறிதற்குக் கையாற் செய்து பார்க்கும் பயிற்சி இன்றியமையாதது. இந்தப் பயிற்சியைப் பள்ளியிலன்றித் தம் வீட்டு மாடியிலும், திண்ணையிலும், படுக்கை அறையின் மூலையிலும் தாமே மேற்கொண்ட இளைஞர் பலர். பிற்காலத்தில் உலகு போற்றும் அறிவியலறிஞரானவரும் அவருள் உளர். அவர்கள் கைப்பட்டு வளர்ந்த கலைகளுள் தலையாயது வானொலி.

இத்தாலி நாட்டில் பொலோனா என்னும் நகரத்தின் அருகே, போன்டெக்கியோ என்ற சிற்றூரில் ஒரு மாளிகை இருக்கிறது. அதன் மேல்மாடியில் பட்டுப்புழு வளர்க்கும் தட்டுகள் ஒருகாலத்தில் அடுக்கப்பட்டிருந்தன. 1894-ஆம் ஆண்டில் அந்த மாடியை ஓர் இருபது வயது இளைஞர் தம் ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டார். அவர் பெயர் குலீல்மோ மார்க்கோனி. அவர் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றவரல்லர். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் மின்காந்த அலைகளைக் குறித்துச் செய்த ஆய்வுகளை அவர் படித்திருந்தார். கம்பியின் துணையின்றி அந்த அலைகளின் வாயிலாகச் செய்தி அனுப்பலாகாதா என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

செல்வக் குடியிற் பிறந்தவராயினும், மகன் பொழுதை வீணாக்குகின்றான் என்றே தந்தையார் முதலில் கருதினார். அன்னையார் மட்டும் மகனுக்கு ஊக்கம் அளித்து வந்தார். மின்பொறியை எழுப்பும் கருவியையும், உலோகத் துகள் நிரம்பிய கண்ணாடிக் குழாயையும், மின்கலத்தையும், மணியையும் இணைத்து மார்க்கோனி இரவு பகலாக உழைத்தார். அறையின் ஒருபுறம் விசையை அழுத்த, இடையே கம்பி யாதும் இன்றி மறுபுறத்தே மணி ஒலித்த நாளில், உறங்கிக்கொண்டிருந்த அன்னையாரை எழுப்பி அழைத்துவந்து அதனைக் காட்டினார் என்பர்.

அறைக்குள் ஒலித்த மணி அவருக்கு மனநிறைவு தரவில்லை. 1895-ஆம் ஆண்டில் கருவிகளை வெளியே கொணர்ந்தார். உயரத்தே ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, மற்றொரு முனையை மண்ணுடன் இணைத்தபொழுது அலைகள் முன்னினும் நெடுந்தொலைவு சென்றதைக் கண்டார். மாளிகைக்கு எதிரே இருந்த குன்றின் அப்புறத்திற்கு, ஏற்குங் கருவியுடன் ஆட்களை அனுப்பினார். குன்று மறைத்து நின்றமையால் அவர்களைக் கண்ணாற் காண இயலாது. குறி வந்து சேர்ந்தால் துப்பாக்கியாற் சுட்டு அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே மார்க்கோனி விசையை அழுத்தினார். அங்கே வெடியொலி எழுந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவை அலைகள் குன்றைக் கடந்து சென்று சேர்ந்தன. ஆறே ஆண்டுகளில், 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், அட்லாண்டிக் மாகடலைக் கடந்து வந்த குறியொலியைத் தாம் கேட்டதாக அவர் அறிவித்தார். 1909-ஆம் ஆண்டில் இயற்பியலுக்குரிய நோபல் பரிசு அவருக்கும் பிரௌன் என்னும் ஜெர்மானிய அறிஞருக்கும் ஒருங்கே அளிக்கப்பட்டது.

மார்க்கோனி பயன்படுத்திய துகட்குழாய் தந்திக் குறியை ஏற்பதற்கே பொருந்தியது; மனிதர் குரலையும் இசையையும் கேட்பிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அப்பணிக்கு உதவியது ஒரு சிறு கல். ஈயமும் கந்தகமும் கலந்து விளைந்து, கருநிறத்துடன் மின்னும் அக்கனிமத்தைக் கலீனா என்பர். அதனைக் கொண்டு மின்காந்த அலைகளைக் கண்டறியலாம் என்று காட்டியவர் நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ். அக்கருவிக்கான காப்புரிமையை அவர் 1901-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வேண்ட, 1904-ஆம் ஆண்டில் அது வழங்கப்பட்டது. பிறகு பிக்கார்டு முதலிய அமெரிக்க ஆய்வாளர் வெவ்வேறு படிகங்களை ஆராய்ந்து, இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினர். இவ்வாறு தோன்றியதே படிக வானொலி.

படிக வானொலியைப் போல எளிய கருவி பிறிதொன்று இல்லை எனலாம். அதன் உறுப்புகள் ஐந்து. உயரத்தே கட்டிய நீண்ட கம்பி ஒன்று. அதனை ஏரியல் என்பர். மண்ணிற் புதைத்த உலோகக் கோலுடன் இணைந்த கம்பி மற்றொன்று. அதனை எர்த்து என்பர். அட்டைக் குழாயின்மீது சுற்றிய செப்புக்கம்பிச் சுருளும், அதனுடன் இணைந்த திருகுவகை மின்தேக்கியும் சேர்ந்து மூன்றாம் உறுப்பாகும். நான்காவது படிகம். ஐந்தாவது காதிற் பொருத்திக் கேட்கும் ஒலிப்பான். இப்பெட்டிக்கு மின்கலம் வேண்டா, மின்னிணைப்பும் வேண்டா. வானொலி நிலையத்திலிருந்து பரந்துவரும் அலைகளின் ஆற்றலே காதொலிப்பானை இயக்கி ஒலியை எழுப்புகிறது.

இது நிகழும் முறையைச் சிறிது ஆராய்வோம். வெளியே எண்ணற்ற அலைகள் ஒரே காலத்தில் உலவுகின்றன. அவை யாவும் ஏரியல் கம்பியைத் தாக்கி, அதில் நுண்ணிய மின்னோட்டங்களை எழுப்புகின்றன. அவற்றுள் வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுத்தல் முதற்பணி. வீணையின் இரு நரம்புகளை ஒரே சுருதியிற் கூட்டிவைத்து, ஒன்றை மீட்டினால் மற்றதும் தானே அதிரும். சுருதி மாறிய நரம்போ வாளா இருக்கும். சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து அத்தகையதொரு நரம்பாக அமைகின்றன. மின்தேக்கியின் திருகைத் திருப்புவது நரம்பைச் சுருதி கூட்டுவதை ஒக்கும். நிலையத்தின் அலையோடு சுருதி ஒத்தவுடன், அவ்வலை மட்டும் வலுப்பெற்று நிற்கும், ஏனையவை அடங்கும்.

இரண்டாவது பணி, அலையினின்று குரலைப் பிரித்தல். மத்திய அலை ஒலிபரப்பில், அலை ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் முதல் பதினாறு இலட்சம் முறை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. மனிதர் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேல் உணராது. காதொலிப்பானில் உள்ள தகடும் அத்துணை விரைவாக ஆட இயலாது. முன்னே தள்ளிய நொடியிலேயே பின்னே இழுக்கப்படுவதால் அசையாது நிற்கும். இங்கே படிகம் துணைபுரிகிறது. மின்னோட்டத்தை ஒரு திசையிற் செல்லவிட்டு, எதிர்த்திசையிற் பெரிதும் தடுத்துவிடுவது அதன் இயல்பு. ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவைப் போன்றது அது. பின்னோக்கிய இழுப்புகள் நீங்கவே, முன்னோக்கிய தள்ளல்கள் மட்டும் எஞ்சுகின்றன. அவை குரலின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மிகுந்தும் குறைந்தும் வருதலால், தகடு அக்குரலைப் பின்பற்றி அசைகிறது. தொலைவில் எவரோ பாடிய பாட்டு காதருகே ஒலிக்கிறது.

அக்காலத்துப் படிகத்தைப் பயன்படுத்துவதற்குப் பொறுமை மிக வேண்டும். கல்லின் மேற்பரப்பு முழுவதும் இவ்வியல்பு இராது. சிற்சில இடங்களிலேயே இருக்கும். கூர்மையான மெல்லிய கம்பி ஒன்றால் கல்லை அங்கங்கே தொட்டுத் தொட்டுத் தக்க இடத்தைத் தேட வேண்டும். அக்கம்பியைப் பூனை மீசை என்று மேலைநாட்டார் விளையாட்டாக வழங்கினர். மேசை சற்றே அசைந்தாலும் இடம் தவறிவிடும். மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியதே. 1922-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பி.பி.சி. ஒலிபரப்புத் தொடங்கியபொழுது, வால்வுப் பெட்டி வாங்க இயலாத எளியவர் பலர் இத்தகைய படிகப் பெட்டிகளைத் தாமே செய்துகொண்டனர்.

தமிழ்நாட்டிற்கு வானொலி வந்த வரலாறும் ஆர்வலர் முயற்சியினின்றே தொடங்குகிறது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் இங்கிலாந்து சென்று பயின்று திரும்புகையில் ஒலிபரப்புக் கருவிக்குரிய உறுப்புகளைக் கொணர்ந்தார். அவற்றைச் சென்னையிற் பொருத்தி ஒரு கருவியை அமைத்தார். அதன் ஆற்றல் 40 வாட். வீட்டு விளக்கு ஒன்றின் அளவே ஆகும். 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்புத் தொடங்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இத்தகைய கழகங்கள் 1923-ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்பை முயன்றிருந்தன. வாணிக நிறுவனம் ஒன்று பம்பாயில் முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது 1927-ஆம் ஆண்டிலேயாம். ஆகவே, நிறுவனங்களுக்கு முன்னே ஆர்வலர் வழிகாட்டினர் என்பது தெளிவு.

சென்னைக் கழகத்தின் முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. பொருள் முட்டுப்பாட்டால் 1927-ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று. ஆயினும், விதைத்த விதை பழுதாகவில்லை. கழகத்தின் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தபின், மாநகராட்சியின் பணி அதனுடன் நிறைவெய்தியது. ஓர் ஆர்வலர் பெட்டியிற் கொணர்ந்த சில உறுப்புகள் பதினான்கு ஆண்டுகளில் நாட்டுக்குரிய நிலையமாக வளர்ந்த வரலாறு இது.

வீட்டிற் கற்ற இக்கலை இடுக்கண் வந்த காலத்தும் மாந்தருக்கு உதவியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1944-ஆம் ஆண்டில், இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் நேசநாட்டுப் படைவீரர் பதுங்குகுழிகளில் மாதக்கணக்காகக் கிடந்தனர். அவர்களுக்கு வானொலிப் பெட்டி கிடைப்பது அரிது. சில வகை வால்வுப் பெட்டிகள் தாமே அலைகளை வெளிவிடும். அவற்றைக் கொண்டு பகைவர் இருப்பிடத்தை அறியக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. படிகக் கல்லோ அங்கே இல்லை. இளமையிற் படிகப் பெட்டி செய்து பழகிய வீரர், முகம் மழிக்கும் தகட்டைக் கல்லுக்கு ஈடாகக் கொண்டனர். ஊக்கொன்றின் நுனியில் பென்சில் கரியைச் செருகி, அத்தகட்டின்மேல் மெல்லத் தொட்டபொழுது அதுவே படிகத்தின் பணியைச் செய்தது. குண்டுகள் முழங்கும் இரவில், கழித்தெறிந்த தகட்டின் வாயிலாக இசையும் செய்தியும் அவர்கள் செவிக்கு எட்டின. பொருளின் பெயரை மட்டும் அறிந்தவர், கலீனா இல்லையே என்று வருந்தி இருந்திருப்பர். பொருளின் இயல்பை அறிந்தவர் வேறொன்றில் அவ்வியல்பைக் கண்டுகொண்டனர்.

இயல்பை அறிந்து சிந்திப்பதன் சிறப்பை அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன் இளமை வரலாற்றிலும் காணலாம். 1918-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிற் பிறந்த அவர், பதினொன்று பன்னிரண்டு வயதிலேயே தம் வீட்டில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அஃது ஒரு பழைய மரப்பெட்டிக்குள் பலகை பொருத்திய சிறு அடுக்கே. படிக வானொலி ஒன்றை வாங்கி, இரவில் படுக்கையிற் கிடந்தவாறு காதொலிப்பான் வழியே கேட்பார். பழைய பெட்டிகளை வாங்கிப் பிரித்துப் பழகினார். பொருளாதார நெருக்கடிக் காலம் ஆகையால், தேர்ந்த பணியாளரை அழைக்கப் பொருளற்றோர் பலர் இச்சிறுவரை நாடினர்.

ஒருமுறை ஒருவர் தம் வானொலியைப் பார்க்குமாறு அவரை அழைத்துச் சென்றார். அப்பெட்டியை முடுக்கியவுடன் பெரும் இரைச்சல் எழும். சிறிது நேரம் சென்றபின் அடங்கி, நன்கு பாடும். சிறுவர் பெட்டியைத் தொடாமல், அறையில் முன்னும் பின்னுமாக நடந்தார். ஏன் வாளா நடக்கின்றாய் என்று உடையவர் வினவ, சிந்திக்கிறேன் என்றார் சிறுவர். வால்வுகள் சூடேறும் முறையில் ஏதோ பிறழ்ச்சி இருத்தல் வேண்டும்; ஒலியைப் பெருக்கும் வால்வுகள் முன்னரே சூடேறி அணியமாகிவிட, முன்பகுதியில் உள்ளவை சூடேறுங்காறும் அங்கே எழும் கோளாறே இரைச்சலாகிறது என்று அவர் உய்த்துணர்ந்தார். பின்னர், வால்வுகளைக் கழற்றி வரிசை மாற்றிப் பொருத்தினார். பெட்டியைச் சற்றுச் சூடேறவிட்டபின் இரைச்சலின்றி இனிது பாடியது. சிறுவரை ஐயுற்ற அம்மனிதர், சிந்தித்தே வானொலியைச் செப்பனிடுபவர் என்று ஊரெங்கும் அவர் புகழைப் பரப்பினார். அச்சிறுவரே 1965-ஆம் ஆண்டில் இயற்பியலுக்குரிய நோபல் பரிசைப் பெற்றோருள் ஒருவரானார்.

அவ்வாய்வுக்கூடத்தில் மற்றொருவரும் பயின்றார். அவர் ரிச்சர்டின் தங்கை ஜோன். அண்ணன் வாரத்திற்குச் சில சென்ட் காசு கூலி தந்து அச்சிறுமியை உதவியாளாக வைத்துக்கொண்டார். விசைகளை முடுக்குதல் அவர் பணி. பெண்களின் அறிவு அறிவியலுக்கு ஏற்றதன்று என்று அன்னையாரே ஒருநாள் சொல்ல, அச்சொல் சிறுமியின் உள்ளத்தை வருத்தியது. பதினான்காம் வயதில் அண்ணன் அளித்த வானியல் நூலில், செசிலியா பெயின் என்னும் பெண் அறிஞரின் ஆய்வு குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டபின் அவர் ஐயம் அகன்றது. ஜோன் ஃபைன்மன் பிற்காலத்தில் துருவப் பகுதியின் வானிலே தோன்றும் ஒளிக்கோலங்களை ஆராய்ந்து, கதிரவன் உமிழும் துகள்களுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பை விளக்கிய அறிஞராகத் திகழ்ந்தார். கைத்தொழிற் பயிற்சி ஆண்மக்களுக்கே உரியது என்பார் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்க.

இக்கலையை மேற்கொள்ளும் மாணவர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது பொறுமை. மூன்று அங்குலக் குறுக்களவுள்ள அட்டைக் குழாயில் அறுபது எழுபது சுற்றுக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிவருகையில், கை சிறிது தளர்ந்தால் சுருள் முழுவதும் அவிழும். இரண்டாவது தூய்மை. சுருளுக்குரிய செப்புக்கம்பியின்மேல் மெல்லிய பூச்சு உண்டு. இணைக்குமிடத்தில் அதனைச் சுரண்டி நீக்காவிடின் மின்சாரம் செல்லாது. பொற்கொல்லர் பற்றாசு வைத்து இணைப்பதுபோல இங்கும் ஈயக் கலவையை உருக்கி இணைக்க வேண்டும். இணைக்கப்படும் கம்பிகள் இரண்டும் நன்கு சூடேறிய பின்னரே ஈயத்தைத் தொடவிடுதல் முறை. குளிர்ந்த கம்பியின்மேல் உருக்கிய ஈயத்தைச் சொட்டவிட்டால், பார்வைக்கு இணைந்ததுபோல் தோன்றி உள்ளே பிரிந்திருக்கும். அத்தகைய போலி இணைப்பே பல பெட்டிகள் பேசாமைக்குக் காரணம்.

மூன்றாவது, முறையாகப் பிழை காணல். செய்த கருவி முதன்முறையே இயங்குவது அரிது. இயங்காதபொழுது மனம் பதறி எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுபவர், பிழை எங்கிருந்தது என்பதை ஒருகாலும் அறியார். ஏரியல் தொடங்கிக் காதொலிப்பான் ஈறாக ஒவ்வோர் உறுப்பாகச் சோதித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பவரே பிழையைக் காண்பர். அடுத்த முறை அதனைத் தவிர்ப்பர். மாற்றியவற்றை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவைத்தலும் நன்று.

நான்காவது, பாதுகாப்பு. வீட்டு மின்னிணைப்பு 230 வோல்ட்டு அழுத்தம் உடையது. அது உயிரைப் போக்கவல்லது. பழைய வால்வுப் பெட்டிகளில், இணைப்பை நீக்கிய பின்னரும் மின்தேக்கிகளிற் கொடிய மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆதலின், தொடக்கத்திற் பயில்வோர் சிறு மின்கலத்தால் இயங்குவனவும், மின்கலமே வேண்டாத படிகப் பெட்டியுமே செய்தல் தக்கது. ஏரியல் கம்பியை மின்கம்பங்களின் அருகே கட்டலாகாது. இடி மின்னற் காலத்தில் அதனைத் தீண்டவும் ஆகாது. ஒலியைக் கேட்பதோடு நில்லாமல் ஒலிபரப்பவும் விரும்புவோர், அதற்குரிய தேர்வு எழுதி அரசின் உரிமம் பெற்ற பின்னரே அதிற் புகுதல் வேண்டும்.

காலம் மாறிவிட்டது. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபின், வால்வுகள் மெல்ல மறைந்தன. பூனை மீசையின் இடத்தை ஜெர்மானியம் டயோடு என்னும் சிறு கண்ணாடி மணி கொண்டது. பல நாடுகளில் மத்திய அலை நிலையங்கள் மூடப்பட்டும் வருகின்றன. 2005-ஆம் ஆண்டில் மார்க்கோனி பிறந்த அதே இத்தாலியிலிருந்து, மாணவர் பயில்வதற்கென்றே ஆர்டுயினோ என்னும் சிறு கணிப்பலகை வெளிவந்தது. இன்று மாணவர் அதனைக் கொண்டு விளக்கை எரியவிடவும், மண்ணின் ஈரத்தை அளக்கவும், பொறிகளை இயக்கவும் பயில்கின்றனர். கருவிகள் மாறினும், நெறி மாறவில்லை. தொட்டுத் தொட்டு இடம் தேடும் பொறுமையும், ஒன்றை மாற்றி ஒன்றை நோக்கும் ஒழுங்கும் அன்று போலவே இன்றும் வேண்டப்படுகின்றன.

பழுதுற்ற பொருளைத் திறந்து பாராமலே குப்பையில் எறியும் வழக்கம் இக்காலத்தில் மிகுந்து வருகிறது. பயன்படுத்துவோர் பலராகவும் அறிவோர் சிலராகவும் இருக்கும் நாடு, அச்சிலரையே என்றும் எதிர்நோக்கி நிற்க வேண்டியதாகும். ஒரு சுருளும் ஒரு திருகும் கொண்ட எளிய பெட்டியைத் தானே செய்து, அதன் வழியே ஒரு குரலைக் கேட்ட மாணவர், அதன்பின் எந்த இயந்திரத்தையும் மாயமென்று கருதி அஞ்சமாட்டார். அதனுள் இருப்பது காரணமும் காரியமுமே என்பதை அவர் கையே அறிந்துவிட்டது.

பயிற்சி

1. மார்க்கோனி குன்றின் அப்புறத்திற்குக் குறி அனுப்பிய நிகழ்ச்சியை ஐந்து தொடர்களில் எழுதுக.
2. மின்கலம் இன்றியே படிக வானொலி ஒலிப்பது எவ்வாறு? படிகம் செய்யும் பணியை விளக்குக.
3. சென்னையில் ஒலிபரப்பு 1924-ஆம் ஆண்டு முதல் 1938-ஆம் ஆண்டு வரை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கி வரைக.
4. "பொருளின் இயல்பை அறிந்தவர் வேறொன்றில் அவ்வியல்பைக் கண்டுகொண்டனர்." இத்தொடர் எந்நிகழ்ச்சியைக் குறித்தது? அதன் கருத்து யாது?
5. பிரித்து எழுதுக: அவ்வியல்பு, துகட்குழாய், மறைபொருளை, இவ்வரலாற்றை.
6. சொந்தத் தொடரில் அமைக்க: இன்றியமையாதது, உய்த்துணர்தல், வேரூன்றுதல், வாளா இருத்தல்.